லாசா மைதானமும் ஒலிம்பிக் தீபமும்

1936-ஆம் ஆண்டின் விளையாட்டுச் சரித்திரத்தைப் பேசுவோர் பெர்லின் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தையே பேசுவர். கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் மூட்டப்பட்ட தீபம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரரின் கைமாறிக் கைமாறி ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது அவ்வாண்டிலேதான். தீபத்தைக் கையிலேந்தி நாடுவிட்டு நாடு ஓடும் இவ்வழக்கம் பண்டைக் கிரேக்கர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது அவ்வாறன்று. கார்ல் டீம் என்னும் ஜெர்மானியர் அப்போது புதிதாக வகுத்த ஏற்பாடு அது. ஹிட்லரின் அரசாங்கம் தன் பெருமையைப் பறைசாற்ற அதனைப் பயன்படுத்திக்கொண்டது. பிறந்த நாள் முதலே அத்தீபம் அரசியலின் எண்ணெயில்தான் எரிந்தது என்பதை வாசக நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

அதே 1936-இல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 12,000 அடி உயரத்திலுள்ள லாசா நகரிலும் ஒரு பந்தாட்டம் நடந்தது. அவ்வாண்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தூதுக்குழு ஒன்று திபெத்தின் தலைநகருக்குச் சென்றது. அதில் ஸ்பென்ஸர் சாப்மன் என்னும் வெள்ளைக்காரரும் ஒருவர். இப்பெயர் மலேசிய வாசகர்க்குப் புதிதன்று. ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் மூன்றாண்டுக்கு மேல் நம் காடுகளில் மறைந்திருந்து போரிட்டு, பின்னர் அக்கதையை நூலாக எழுதியவர் அவரே. அவர் லாசாவைக் குறித்தும் ஒரு நூல் எழுதியுள்ளார். தூதுக்குழுவினர் லாசா நகரத்தாரோடு உதைபந்து ஆடிய செய்தியை அதிற் காணலாம். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் சமவெளியிலிருந்து சென்றவர்கள் மூச்சு வாங்கித் தவித்திருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அவ்விளையாட்டு அங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. பந்தயம் நடக்கும்போது ஆலங்கட்டி மழை பெய்ததைத் தீ நிமித்தமாகக் கொண்டு உதைபந்தாட்டத்தையே தடுத்துவிட்டார்கள் என்று, பின்னர் அங்கு வாழ்ந்த ஹைன்ரிக் ஹாரர் எழுதுகிறார். ஆலங்கட்டிக்கும் தோற்பந்துக்கும் என்ன உறவு என்று கேட்பார் அங்கே இல்லை போலும். மழை வேண்டிக் கழுதைக்குக் கலியாணம் செய்து வைப்போர் நம்மவரிலும் உளராதலின், திபெத்தியரைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமையில்லை.

இதனை முதலிற் சொல்லியதற்குக் காரணமுண்டு. லாசா மைதானத்தில் அன்று பந்து விளையாடியவர்களுக்கு விளையாடத் தடை விதித்தது அவர்கள் நாட்டு மூடநம்பிக்கை. அந்நாட்டார் பிற்காலத்தில் வேறு தடைகளைக் கண்டார்கள். அவை வானிலிருந்து விழுந்தவை அல்ல.

1950 அக்டோபரில் சீனப் படைகள் கிழக்குத் திபெத்திற் புகுந்து சாம்தோ நகரைப் பிடித்தன. 1951 மே 23-இல், பீகிங் என்று நம் முன்னோர் எழுதிய பெய்ஜிங் நகரில், பதினேழு அம்சங்கள் கொண்ட உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. திபெத்தில் நிலவும் அரசியல் முறையை மாற்றமாட்டோம், தலாய் லாமாவின் நிலையையும் அதிகாரத்தையும் மாற்றமாட்டோம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எட்டாண்டுகளுக்குள் அவ்வாக்குறுதி என்னவாயிற்று என்பதைச் சரித்திரம் சொல்லும். 1959 மார்ச் 10-இல், சீனச் சேனையின் தலைமை நிலையத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சிக்குத் தலாய் லாமா மெய்காவலர் இன்றி அழைக்கப்பட்டிருக்கிறார் என்னும் செய்தி நகரமெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு, நோர்புலிங்கா என்னும் அவருடைய வேனில் மாளிகையைச் சூழ்ந்து காவல் நின்றார்கள். மார்ச் 17 இரவு அவர் மாறுவேடத்தில் வெளியேறினார். 20-ஆம் தேதி அம்மாளிகையின்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. மார்ச் 31-இல் அவர் இந்திய எல்லையைக் கடந்தார். நோர்புலிங்கா என்னும் இப்பெயரை நேயர்கள் மறவாதிருப்பார்களாக. மீண்டும் அதனிடம் வருவோம்.

பழைய திபெத்து ஏதோ பூலோக சுவர்க்கம் என்று எழுதுவோர் சிலர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. மடாதிபதிகளும் பிரபுக்களும் நிலத்தையெல்லாம் தம் கைக்குள் வைத்திருக்க, உழுபவன் அவர்கட்குக் கட்டுண்டு கிடந்த நாடு அது. சீர்திருத்தம் விரும்பும் எவரும் அதனைப் போற்ற இயலாது. ஆயினும் ஒரு வீட்டுக்குள் குப்பை மண்டிக் கிடந்தது என்பதால் அடுத்த வீட்டுக்காரன் வந்து வீட்டையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாமோ? குப்பையைக் கூட்டும் உரிமை அவ்வீட்டாருடையது அன்றோ?

இவ்விடத்தில் நம் நாட்டுக்குப் பெருமை தரும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். இன்றைய இளைஞருள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே. 1959-இல் திபெத்தியரின் வழக்கை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபைக்குக் கொண்டு சென்றவை பெரிய வல்லரசுகள் அல்ல. அயர்லாந்தும், சுதந்தரம் பெற்று இரண்டே ஆண்டுகளான மலாயாக் கூட்டாட்சியுமே அத்தீர்மானத்தை முன்மொழிந்தன. திபெத்திய ஜனங்களின் அடிப்படை மனித உரிமைகளையும், அவர்களுக்கே உரிய பண்பாட்டையும் சமய வாழ்வையும் மதித்து நடக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1959 அக்டோபர் 21-இல் 45 நாடுகள் ஆதரித்தும், 9 எதிர்த்தும், 26 நடுநிலை நின்றும் அது நிறைவேறியது. தலாய் லாமாவுக்கு அடைக்கலம் தந்த இந்தியா நடுநிலை நின்ற நாடுகளுள் ஒன்று! 1961-இல் மலாயாவும் அயர்லாந்தும் வேறு இரு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. தம் அரசியலைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையும் திபெத்தியர்க்கு உண்டு என்று அத்தீர்மானம் வெளிப்படையாகவே கூறியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது 1965-இல். அதாவது சீனப் படைகள் இந்திய எல்லையிலேயே வந்து மோதிய பிறகு. தன் காலில் முள் தைத்தபின் பிறர் வலி விளங்குவது மனித இயல்பு போலும்.

அப்போது மலாயாவின் பிரதமராக இருந்தவர் துங்கு அப்துல் ரஹ்மான். அவர் விளையாட்டுப் பிரியர் என்பது நாடறிந்த செய்தி. 1958 முதல் 1977 வரை ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். விளையாட்டையும் மனித உரிமையையும் ஒருவரே நேசிக்கலாம். ஒன்றை நேசிப்பதற்கு மற்றொன்றை மறக்கவேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று. 1960-இல் லண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர் மகாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்துப் பேசியவரும் அவரே.

தென்னாப்பிரிக்காவின் பேச்சு வந்தமையால், விளையாட்டில் அரசியலைக் கலக்கலாகாது என்று ஓயாமல் உபதேசிப்போரின் வாதத்தையும் இங்கேயே ஆராய்ந்துவிடுவோம். 1964-இல் டோக்கியோ பந்தயத்துக்கு வரவேண்டாம் என்று தென்னாப்பிரிக்காவைத் தடுத்தது ஒலிம்பிக் குழு. 1970-இல் அந்நாட்டை அடியோடு விலக்கியது. 1992-இல் பார்ஸலோனாவில்தான் மீண்டும் அனுமதித்தது. நிறவெறியை வீழ்த்திய சக்திகளுள் விளையாட்டு விலக்கும் ஒன்று என்பதை இன்று மறுப்பார் இலர். ஆகவே அரசியல் கலக்கலாகாது என்னும் விதி எல்லார்க்கும் பொதுவாக ஒருகாலும் இருந்ததில்லை.

சீன அரசாங்கமும் அவ்விதியைக் கைக்கொண்டதில்லை. தைவான் கலந்துகொள்கிறது என்னும் அரசியல் காரணத்தால் 1956-இல் மெல்போர்ன் பந்தயத்திலிருந்து விலகியது சீனா. 1958-இல் ஒலிம்பிக் குழுவோடு உறவையே அறுத்துக்கொண்டது. 1979-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ஆப்கானிஸ்தானத்துக்குள் ருஷ்யச் சேனை புகுந்ததைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயத்தைப் பகிஷ்கரித்தது! அண்டை நாட்டுக்குள் சேனையை நடத்திய தேசத்தின் பந்தயத்துக்குப் போகலாகாது என்று 1980-இல் கூறியவர்கள், பிற்காலத்தில் தம்மை நோக்கி அதே கேள்வி வந்தபோது, விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்றார்கள்.

1980-ஐ நாமும் எளிதில் மறக்கமுடியாது. மலேசியாவும் சிங்கப்பூரும் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. மலேசிய உதைபந்துக் குழு தகுதிப் பந்தயங்களில் வென்று மாஸ்கோ செல்லும் உரிமையைப் பெற்றிருந்த ஆண்டு அது. இலக்கைக் காத்து நின்ற ஆர். ஆறுமுகத்தின் பெயரைக் கேட்டால் இன்றும் வயது முதிர்ந்தோர் முகம் மலரும். அவரும் அவருடைய தோழர்களும் ஆப்கானியர் பொருட்டுத் தம் வாழ்நாள் வாய்ப்பை இழந்தனர். இழக்கச் செய்தது சரியோ தவறோ என்பது வேறு விவாதம். விளையாட்டுக்காரரிடம் இவ்வளவு பெரிய தியாகத்தை ஒருமுறை கேட்ட அரசாங்கங்கள், பிறிதொரு முறை ஒரு சொல் சொல்லவும் தயங்கின என்பதையே நாம் குறிக்க விரும்புகிறோம். இதற்கிடையில் 1974-இல் மலேசியா சீனாவோடு ராஜ்ய உறவு பூண்டுவிட்டது. வியாபாரம் பெருகியது, 1959-இல் ஒலித்த குரல் தாழ்ந்தது. அண்டை வல்லரசோடு சிறு நாடு பகை கொள்ளாமல் வாழவேண்டிய கட்டாயத்தை நாம் அறியாதவரல்லோம். அறிந்தே எழுதுகிறோம்.

இனிப் பெய்ஜிங் பந்தயத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டுப் பந்தயத்தைத் தன் நகரில் நடத்தச் சீனா 1993-இல் முயன்றது. இரண்டே வாக்குகளில் சிட்னியிடம் தோற்றது. தியானன்மென் சதுக்கத்தின் இரத்தம் அப்போது உலகத்தின் நினைவில் உலராதிருந்தது. 2001 ஜூலை 13-இல் மாஸ்கோவிற் கூடிய ஒலிம்பிக் குழு 2008-ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பெய்ஜிங்குக்கு வழங்கியது. அதற்கு முன்னும் பின்னும் சீன அதிகாரிகள் பல வாக்குறுதிகள் தந்தனர். பந்தயம் வந்தால் மனித உரிமைகள் வளரும் என்றனர். வெளிநாட்டு நிருபர்கள் தடையின்றி எழுதலாம் என்றனர். இவற்றை நம்பியோர் எல்லாரும் வஞ்சகர் அல்லர். தென் கொரியாவில் 1988 பந்தயத்தை ஒட்டி ஜனநாயகம் மலர்ந்ததைக் கண்டு, இங்கும் அவ்வாறே நடக்கும் என்று மனதார எண்ணியவர் பலர். ஆயினும் அவ்வாக்குறுதி யாருடைய வாழ்வைக் குறித்துத் தரப்பட்டதோ, அந்தத் திபெத்தியரிடம் அவர்கள் எண்ணம் யாது என்று கேட்டவர் எவருமிலர்.

அதே 2001-இல், மாஸ்கோ முடிவுக்குப் பதின்மூன்று நாட்கள் முன்பு, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் வேறொரு பந்தயம் நடந்தது. ஜூன் 30-இல் திபெத்திய அகதி இளைஞர்களைக் கொண்ட உதைபந்துக் குழு ஒன்று கிரீன்லாந்துக் குழுவை எதிர்த்து ஆடியது. இந்தியாவிலுள்ள அகதிக் குடியிருப்புகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த குழு அது. ஆட்டம் நடவாமல் தடுக்கச் சீனத் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது. கிரீன்லாந்தின் இறால் வியாபாரத்துக்குக் கேடு வரும் என்ற அச்சமும் எழுந்தது. இறாலுக்கும் உதைபந்துக்கும் உள்ள உறவு ஆலங்கட்டிக்கும் பந்துக்கும் உள்ள உறவினும் விசித்திரமானது! ஆட்டம் நடந்தது. கிரீன்லாந்து 4-1 என்னும் கணக்கில் வென்றது. தோற்ற குழுவினர் தங்கள் நாட்டுக் கொடியின்கீழ் நின்று ஆடினார்கள் என்பதே செய்தி. 2018-இல், உலக உதைபந்துச் சம்மேளனத்தில் இடம்பெறாத மக்களினங்களுக்காக லண்டனில் நடந்த போட்டியிலும் திபெத்துக் குழு ஆடியது. அப்போட்டியில் தமிழீழக் குழுவும் பங்கு கொண்டது.

ஒலிம்பிக் பந்தயத்தைக் குறித்துத் திபெத்தியரிடம் கேட்டவர் எவருமிலர் என்றோம். ஒருவர் கேட்டார். தோண்டுப் வாங்சென் என்பது அவர் பெயர். வடகிழக்குத் திபெத்தாகிய அம்தோ பகுதியில் குடியானவர் குடும்பத்திற் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லாதவர். படமெடுக்கும் தொழிலை முறையாகக் கற்றவருமல்லர். கோலோக் ஜிக்மே என்னும் பிக்ஷுவைத் துணைகொண்டு, 2007 அக்டோபர் முதல் 2008 மார்ச் வரை, மலைச்சரிவுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் குக்கிராமங்களிலும் அலைந்து, நூற்றுக்கு மேற்பட்ட எளிய ஜனங்களிடம் பேசினார். ஒலிம்பிக் பந்தயம் வருகிறதே, உங்கள் வாழ்வில் ஏதேனும் மாறியதா? தலாய் லாமாவைக் குறித்து என்ன நினைக்கிறீர்கள்? இவ்வளவே அவர் கேட்டவை. பேசியவர்களுட் பலர் முகத்தை மறைக்க வேண்டாம் என்றே கூறினர். முகம் தெரியாமற் பேசுவதில் பயனென்ன என்பது அவர்கள் எண்ணம்.

எடுத்த படச்சுருள்கள் இரகசியமாய் நாட்டைக் கடந்து ஸ்விட்ஸர்லாந்து போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு இருபத்தைந்து நிமிஷப் படம் ஒன்று ஆக்கப்பட்டது. அச்சம் நீங்கியவர் என்று பொருள்படும் பெயரை அதற்கிட்டனர். ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, 2008 ஆகஸ்டு 6-இல், பெய்ஜிங் நகரிலேயே வெளிநாட்டு நிருபர்கள் சிலருக்கு அது ஒளித்து ஒளித்துக் காட்டப்பட்டது. அப்போது அப்படத்தை எடுத்தவர் சிறையில் இருந்தார். மார்ச் 26-இல் அவரைப் பிடித்துவிட்டார்கள். 2009 டிசம்பரில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதனை முழுவதும் கழித்து 2014 ஜூனில் விடுதலையானார். 2017 டிசம்பரில் தப்பி அமெரிக்காவிலிருந்த தம் மனைவி மக்களிடம் சேர்ந்தார். பந்தயத்தைக் குறித்து ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டது அன்றி அவர் செய்த குற்றம் வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

அவர் பிடிபட்ட மார்ச் மாதத்தில் திபெத்து முழுவதும் கொந்தளித்துக் கிடந்தது. 1959 எழுச்சியின் நினைவு நாளாகிய மார்ச் 10-இல் திரெபுங் மடாலயத்துப் பிக்ஷுக்கள் ஊர்வலம் புறப்பட்டார்கள், போலீசார் மறித்தனர். மார்ச் 14-இல் லாசாவில் கலகம் மூண்டது. அன்று திபெத்தியர் சிலர் சீனருடைய கடைகளைக் கொளுத்தினர். கடைகளுக்குள் அகப்பட்ட நிரபராதிகள் உயிரிழந்தனர். இதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பின்னர் அரசாங்கத்தின் அடக்குமுறை வந்தது. கலகக்காரரால் மாண்டவர் இருபதின்மர் அளவினர் எனச் சீன அரசாங்கமும், அடக்குமுறையில் மாண்ட திபெத்தியர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் என அகதி அரசாங்கமும் கூறின. எது மெய் என்று நேரிற் கண்டு எழுத நிருபர்களுக்கு வழியில்லை. அவர்கள் லாசாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தடையின்றி எழுதலாம் என்ற வாக்குறுதியின் கதி இது.

இந்நிலையிலேதான் தீபம் உலகைச் சுற்றப் புறப்பட்டது. லண்டனில் அதனைப் பறிக்க முயன்றார்கள். பாரிஸில் அதனைப் பல முறை அணைத்துப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்து தீபமேந்திய ஜின் ஜிங் என்னும் சீன வீராங்கனையின்மேல் பாய்ந்து அதனைப் பிடுங்க ஒருவர் முயன்றார். நீதியான வழக்கையும் இழிவுபடுத்தும் செயல் அது. அந்த ஒரு காட்சி சீன ஜனங்களின் மனத்தைத் திபெத்தியருக்கு எதிராகத் திருப்பியதுபோல் வேறெதுவும் திருப்பவில்லை. புது தில்லியில், இந்திய உதைபந்துக் குழுவின் தலைவரும் சிக்கிம் நாட்டுப் பௌத்தருமான பாய்ச்சுங் பூட்டியா தீபத்தைத் தொடமாட்டேன் என்று அடக்கமாகச் சொல்லி ஒதுங்கினார். ஒருவரையும் தள்ளாமல், ஒன்றையும் பறிக்காமல் அவர் காட்டிய எதிர்ப்பு நம் மதிப்பில் உயர்ந்தது.

ஏப்ரல் 21-இல் தீபம் கோலாலம்பூருக்கு வந்தது. மெர்டேக்கா சதுக்கத்திற் புறப்பட்டு இரட்டைக் கோபுரத்தை அடைந்தது. சதுக்கத்தில் திபெத்துக் கொடியை விரித்த ஜப்பானியக் குடும்பத்தார் சிலரைச் சுற்றியிருந்தோர் ஏசினர். போலீசார் அக்குடும்பத்தாரை அப்புறப்படுத்திக் கொண்டுபோயினர். அந்தக் கொடிக்குரிய ஜனங்களுக்காக ஐக்கிய நாடுகளின் சபையில் குரல் கொடுத்த நாட்டின் தலைநகரம் அது என்பதை அன்று அங்கு நின்றவருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

மே 8-இல் தீபத்தை எவரெஸ்டு சிகரத்தின் உச்சிக்கே கொண்டு சென்றார்கள். திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்பர். உச்சியில் அதனை ஏந்தியவள் ஒரு திபெத்தியப் பெண். உலகமெங்கும் அப்படம் அச்சாயிற்று. ஜூன் 21-இல் லாசா நகருக்குள் தீபம் வந்தது. வீதிகளிற் படை நின்றது, கடைகள் மூடிக்கிடந்தன, பார்க்க அனுமதிக்கப்பட்டோர் தேர்ந்தெடுக்கப்பட்டோரே. ஓட்டம் தொடங்கிய இடம் எது என்று நினைக்கிறீர்கள்? நோர்புலிங்கா! 1959-இல் ஜனங்கள் தம் உடலையே மதிலாக நிறுத்திக் காவல் காத்த அதே மாளிகையின் முன்பிருந்துதான் புறப்பட்டது. முடிந்த இடம் தலாய் லாமாக்களின் பொட்டாலா அரண்மனைச் சதுக்கம். அங்கே கட்சியின் திபெத்துச் செயலாளர் சாங் சிங்லி பேசினார். திபெத்தின் வானத்தில் செங்கொடி என்றும் பறக்கும் என்றும், தலாய் கும்பலின் சதிகளைத் தூளாக்குவோம் என்றும் முழங்கினார். விளையாட்டு மேடையில் அரசியல் பேசியது வருந்தத்தக்கது என்று ஒலிம்பிக் குழு பெய்ஜிங்குக்குக் கடிதம் எழுதியது. எழுதியதோடு நின்றது.

ஆகஸ்டு 8-இல் தொடக்க விழா. சீனத்தின் 56 இனங்களையும் குறிக்கும் ஆடைகள் அணிந்த 56 குழந்தைகள் கொடியைத் தாங்கி வந்தனர். அவ்வினங்களின் குழந்தைகள் அல்லர் அவர்கள், ஹான் இனக் குழந்தைகளே அவ்வுடைகளை அணிந்து வந்தனர் என்பது சில நாட்களில் வெளியாயிற்று. திபெத்தியர் ஆடை வந்தது. திபெத்தியக் குழந்தை வரவில்லை. விழாக் காலத்தில் அனுமதி பெற்று ஆர்ப்பாட்டம் செய்யலாம் என்று பெய்ஜிங்கில் மூன்று பூங்காக்களையும் ஒதுக்கியிருந்தார்கள். 77 விண்ணப்பங்கள் வந்தன, ஒன்றுக்கும் அனுமதியில்லை. வீடிழந்து முறையிட விண்ணப்பித்த எழுபது வயது கடந்த சீன மூதாட்டியர் இருவருக்கு ஓராண்டு உழைப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. அச்சுறுத்தப்பட்டவர் திபெத்தியர் மட்டுமல்லர்; சீனக் குடிமக்களும் அதே கயிற்றிற் கட்டுண்டவரே என்பதை மறத்தல் ஆகாது.

பந்தயம் முடிந்தது. விருந்தினர் ஊர் திரும்பினர். 2009 முதல் திபெத்தியருள் நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் எதிர்ப்பின் பேரால் தம்மையே மாய்த்துக்கொள்ள முனைந்தனர். இதனை விரித்தெழுத நம் பேனா கூசுகிறது. தாய்மொழிக்காகச் சட்டவழியில் வாதாடிய தாஷி வாங்சுக் என்னும் வியாபாரியின் கதையை மாத்திரம் சொல்லுவோம். பள்ளிக்கூடங்களில் திபெத்திய மொழி தேய்ந்து மறைவதைக் கண்டு, அரசியற் சட்டம் தரும் மொழியுரிமையைக் காட்டி வழக்காட அவர் பெய்ஜிங் சென்றார். பிரிவினை கேட்கவில்லை, சட்டத்தில் உள்ளதைத் தாருங்கள் என்றார். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்ததன் பின் 2016 ஜனவரியிற் பிடிபட்டார்; பிரிவினையைத் தூண்டினார் என்று ஐந்தாண்டுச் சிறை அனுபவித்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றை மூடாமற் காக்க ஊரார் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கியதைக் கண்டு வளர்ந்த நமக்கு இக்கதை அயலார் கதையாகத் தோன்றவில்லை.

2022-ஆம் ஆண்டின் பனிக்கால ஒலிம்பிக் பந்தயமும் பெய்ஜிங்குக்கே கிடைத்தது. அம்முடிவு எங்கே எடுக்கப்பட்டது? நம் கோலாலம்பூரில்! 2015 ஜூலை 31-இல், இரட்டைக் கோபுரத்தின் அருகிலுள்ள மகாநாட்டு மண்டபத்தில் ஒலிம்பிக் குழு கூடி, அல்மாட்டிக்கு 40, பெய்ஜிங்குக்கு 44 என்று வாக்களித்தது. அம்மாதம் 12-இல்தான், டென்ஸின் டெலெக் ரின்போச்சே என்னும் திபெத்திய லாமா, பதின்மூன்றாண்டுச் சிறைவாசத்துக்குப் பின் சிறையிலேயே உயிர்நீத்திருந்தார். அவருடைய உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கவும் இல்லை. வாக்களித்த கனவான்கள் அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்திருக்கக்கூடும். 2001-இல் பேசியதுபோல், பந்தயம் வந்தால் உரிமை வளரும் என்று இம்முறை உரக்கப் பேசியவர் குறைவு. பந்தயம் நடத்தும் நகரங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மனித உரிமை நிபந்தனையை ஒலிம்பிக் குழு 2017-இற் சேர்த்தது. ஆனால் 2024-ஆம் ஆண்டுப் பந்தயம் முதல்தான் அது செல்லும் என்று வைத்தது. 2022 தப்பிக்கொண்டது.

2021 அக்டோபரில் ஒலிம்பியாவில் மீண்டும் தீபம் மூட்டினார்கள். அங்கே திபெத்துக் கொடியை விரித்தவர்களைக் கிரேக்கப் போலீசார் பிடித்தனர். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் வீரர்களை அனுப்பி, ராஜ்யப் பிரதிநிதிகளை அனுப்பாமல் இருந்தன. பந்தயம் நடந்து ஓராண்டு சென்றபின், 2023 பிப்ரவரியில், ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர் மூவர் ஓர் அறிக்கை விடுத்தனர். பத்து லட்சம் அளவான திபெத்தியக் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து, சீன மொழியிற் பாடம் நடத்தும் அரசாங்க விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ளனர் என்று அது கவலை தெரிவித்தது. சீன அரசாங்கம் அதனை மறுத்தது.

ஒலிம்பிக் பந்தயத்தில் திபெத்தியர் எவரும் பரிசு பெற்றதே இல்லையோ என்று நேயர்கள் கேட்கலாம். பெற்றிருக்கிறார். 2012 லண்டன் பந்தயத்தில் 20 கிலோமீட்டர் நடையில் சீனக் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் மூன்றாவதாக வந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் திபெத்தியர் அவரே. அவருக்கு முன் வந்த ருஷ்ய வீராங்கனையர் மருந்துண்டு நடந்தவர்கள் எனத் தெரிந்து விலக்கப்பட்டமையால், பத்தாண்டு கழித்து, 2022-இல் தங்கப் பதக்கமே அவருடையதாயிற்று. சீனக் கொடியின்கீழ் நடந்தமைக்காக அவரைக் குறை கூறுவது தவறு. நடப்பதற்கு அவருக்கு வேறு கொடி கொடுக்கப்படவில்லை. பந்தயப் பட்டியல்களில் அவர் பெயர் சியெயாங் ஷிஜியே என்று சீன ஒலிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. திபெத்திய மொழியில் அவர் பெயர் சோயாங் கீ.